நோய் காட்டும் நுளம்பு

பாம்பின் கால் பாம்பறியும் என்பர். நோய் பரப்பும் நுளம்பைக் கொண்டே நோயை அறிந்த விஞ்ஞானிகளின் செயல் இம்முதுமொழியை நினைவூட்டுகின்றது.

காய்ச்சலால் வாடும் குழந்தைக்கு வந்திருப்பது டெங்குவா, வேறொன்றா என்பதை வெளிக்குறிகளை மட்டும் கொண்டு தெளிவது எளிதன்று. முன்னர், நோயாளியின் குருதியைப் பிறந்து சில நாளேயான சுண்டெலிக் குஞ்சுகளின் மூளையிற் செலுத்திச் சோதித்தனர். மனிதரிடமிருந்து நேரே பெற்ற டெங்கு வைரசு சுண்டெலியில் எளிதில் வளர்வதில்லை. ஆதலால், நோய் இருந்தும் இல்லையென்ற முடிவே பலவேளை கிடைத்தது.

அவ்வைரசு இயல்பாக வளருமிடம் நுளம்பின் உடலன்றோ? இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு, லியோன் றோசன், டுவேன் குப்ளர் என்னும் அறிஞரிருவர் 1974ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டனர். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயினால் நோயாளியின் குருதித் தெளிநீரில் மிகச் சிறு துளியை நுளம்பின் மார்பினுள் ஏற்றி, இரு வாரமளவு வைத்திருப்பர். வைரசு பெருகினும் நுளம்பு சாவதில்லை. ஆகவே, அதன் தலையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, டெங்கு வைரசைப் பற்றிக்கொள்ளும் ஒளிர்சாயமூட்டிய பிறபொருளெதிரியை இட்டு நுணுக்குக்காட்டியால் நோக்குவர். வைரசு இருப்பின் பச்சை ஒளி தோன்றும்.

வைரசு ஏற்றிய நுளம்பு தப்பியோடி யாரையேனும் கடித்தால் என்ன செய்வது? இவ்வச்சத்தைப் போக்க உதவியது டொக்சோரின்கைட்டிசு என்னும் பெருநுளம்பு. அது பூந்தேன் போன்ற இன்சாறுகளை உண்டு வாழ்வது, குருதி குடிப்பதில்லை. அதன் குடம்பிகளோ பிற நுளம்புக் குடம்பிகளைத் தின்பன. உடல் பெரிதாதலின் கூடுதலான துளியையும் ஏற்கும்.

இரு வாரம் காத்திருக்கும் சோதனை படுக்கையிலுள்ள நோயாளிக்கு உடனே உதவாது. எனினும், நான்கு வகை டெங்கு வைரசுகளுள் எது ஊரில் உலவுகின்றதென அறிய அது பேருதவி புரிந்தது. ஒருவகையால் முன்பு பீடிக்கப்பட்டவரை வேறுவகை தாக்கின் நோய் கடுமையாகக்கூடும். 2017இல் இலங்கையில் 180,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானபோது மேலோங்கி நின்றது இரண்டாம் வகை.

1967இல் இந்தியாவின் பூனா நகரில் சிங் என்னும் ஆய்வாளர் நுளம்பின் கலங்களைப் புட்டியில் வளர்த்தார். 1978இல் யப்பானியரான இகராசி அவற்றிலிருந்து வைரசு நன்கு வளரும் கலவழியொன்றைப் பிரித்தெடுத்தார். அதன்பின் முழு நுளம்பின் தேவை குறைந்தது. இன்று வைரசின் புரதத்தையும் மரபுப்பொருளையும் நேரே காணும் சோதனைகள் ஒரே நாளில் விடை தருகின்றன. ஆயினும், உயிருள்ள வைரசை வளர்த்து ஆராய விரும்புவோர் இன்றும் நாடுவது நுளம்பின் கலங்களையே.