எண்ணெய்யில் கழன்று ஓடும் பிரெட் தூள்! மொறுமொறு மீன் வறுவலில் கோட்டை விடுவது எங்கே?

தூத்துக்குடி,

சனிக்கிழமை சாயங்காலம் கையில் கூலி வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் மீன் வாசம். தூத்துக்குடி பக்கம் இது எழுதாத சட்டம். குழம்பு, வறுவல் என்று இருந்த வீடுகளில் இப்போது பிள்ளைகள் புதுசாக ஒன்று கேட்கிறார்கள். ஓட்டல்களிலும் பேக்கரிகளிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிறமாக அடுக்கி வைத்திருக்கும் 'பிஷ் பிங்கர்'தான் அது. விரல் நீளத்துக்கு முள் இல்லாத மீன் துண்டு. மேலே பிரெட் தூள். கடித்தால் 'மொறுக்' என்று சத்தம்.

பெயர் என்னவோ இங்கிலீஷ் தின்பண்டம். இங்கிலாந்தில் 1955-ம் ஆண்டு பெட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்த சரக்கு. ஆனால் செய்முறையைப் பார்த்தால் நம்ம ஊர் கட்லெட்டுக்குத் தம்பிதான்.

ஓட்டலில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு போச்சு. சரி, வீட்டிலேயே போடலாம் என்று அரை கிலோ மீன் வாங்கி வந்து எண்ணெய்யில் போட்டால்... பிரெட் தூள் தனியே, மீன் தனியே! தூள் எல்லாம் கழன்று அடியில் போய் கருகுகிறது. மீன் துண்டு வெறும் உடம்போடு மிதக்கிறது. மீனும் போச்சு, எண்ணெய்யும் போச்சு. "இதுக்குப் பேசாம மிளகாய்ப் பொடி தடவிப் பொரிச்சிருக்கலாம்" என்று வீட்டுக்காரரின் முணுமுணுப்பு வேறு.

இத்தனைக்கும் இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மீனில் இருக்கும் ஈரம்தான் வில்லன்.

எந்த மீன் வாங்கலாம்?

சதை கெட்டியாக, முள் கம்மியாக இருக்கும் மீன்தான் இதற்குச் சரி. சீலா, பாறை, விளைமீன், கொடுவா எல்லாம் தோதுப்படும். சென்னையில் வஞ்சிரம் என்பதுதான் தூத்துக்குடியில் சீலா, நாகர்கோவில் பக்கம் நெய்மீன். சென்னைக்குப் போய் சீலா என்று கேட்டால் வேறு மீனைத் தூக்கிக் கொடுத்து விடுவார்கள், அது தனிக் கதை.

சீலாதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். விலை எகிறிக் கிடக்கும் நாளில் பாறை வாங்கினாலும் பிரெட் தூளுக்குள் போன பிறகு ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. கடல் இல்லாத ஊர்க்காரர்கள் ஜிலேபி கெண்டையில் சதை எடுத்துச் செய்யலாம். சாளை மட்டும் வேண்டாம். அதில் முள்ளும் அதிகம், நெய்யும் அதிகம். அதை அப்படியே வறுத்துத் தின்பதுதான் அதற்கு மரியாதை.

மீன் வெட்டும் அக்காவிடம், "முள்ளு இல்லாம சதையா எடுத்துக் குடுங்கக்கா" என்று முதலிலேயே சொல்லி விட வேண்டும். வட்டத் துண்டாகப் போட்ட பிறகு சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வெட்டுக்கூலி கொஞ்சம் கூடக் கேட்பார், கொடுக்கலாம். தலையையும் நடு முள்ளையும் விட்டுவிட்டு வந்து விடாதீர்கள். அதில்தான் அன்றைய குழம்பே இருக்கிறது.

ஐஸ் இல்லாத மீன்... உஷார்!

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம். 2001-ல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017 முதல் 61 நாளாகி விட்டது. இந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் கைகொடுக்கும். வெளியூரில் இருந்து ஐஸ் பெட்டியில் வருவதும் விற்பனைக்கு வரும். ஐஸில் வருவது தப்பில்லை. வழியில் ஐஸ் உருகி, வெயிலில் கிடந்து, மறுபடியும் ஐஸ் போட்டால்தான் வம்பு.

சூரை, அயிலை, சீலா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதைக்குள் 'ஹிஸ்டமின்' என்ற பொருள் உண்டாகி விடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், தலை வலிக்கும், சிலருக்கு வாந்தி எடுக்கும். 'நல்லா பொரிச்சாச்சே' என்று நினைத்தால் அதுதான் தப்பு. எவ்வளவு கொதிக்கிற எண்ணெய்யில் போட்டாலும் அது போகாது. பிரெட் தூள் போர்வைக்குள் கெட்ட மீன் வாசமும் மறைந்து கொள்ளும். அதனால் வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

கண் பளிச்சென்று துருத்திக்கொண்டு இருக்கணும். செவுள் சிவப்பாக இருக்கணும். விரலால் அமுக்கினால் சதை பழையபடி எழும்பணும். மீன் கடையில் ஒரு ஈ கூட இல்லை, மீனில் மருந்து நெடி அடிக்கிறது என்றால் நடையைக் கட்டலாம். 2018 ஜூன் மாதம் கேரள எல்லையில் ஆரியங்காவு சோதனைச்சாவடியில் பார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது நினைவிருக்கும். வாங்கிய மீனை சைக்கிள் கேரியரில் மாட்டிக்கொண்டு டீக்கடையில் அரை மணி நேரம் அரட்டை அடிப்பதும் கூடாது.

தேவையானவை

முள் இல்லாத மீன் அரை கிலோ. உப்பு, மிளகாய்த் தூள், இஞ்சி பூண்டு விழுது தலா ஒரு டீஸ்பூன். மிளகுத் தூள் அரை டீஸ்பூன், மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், எலுமிச்சம்பழம் பாதி. மைதா அல்லது சோள மாவு 4 மேஜைக்கரண்டி. முட்டை 2. பிரெட் 8 துண்டு. பொரிக்க எண்ணெய்.

பிரெட் முதல் நாள் வாங்கியதாக இருந்தால் நல்லது. வெயிலில் காய வைத்தோ, தோசைக்கல்லில் சிறு தீயில் ஈரம் போக வாட்டியோ, மிக்சியில் விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மாவு மாதிரி அரைத்து விடக்கூடாது. ரவையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் கடிக்கும்போது சத்தம் வரும்.

இனிப்பு பிரெட், இனிப்பு ரஸ்க் ஆகாது. சர்க்கரை சீக்கிரம் கருகும். மேலே காபி கலர் வந்துவிடும், உள்ளே மீன் பச்சையாகவே இருக்கும். பிரெட்டே இல்லை என்றால் ரவையில் புரட்டிப் பொரிக்கலாம். மங்களூர், கோவா பக்கம் அதுதான் வழக்கம்.

ஈரத்தைத் துடை... அப்புறம் மசாலா!

மீனை அரை அங்குல கனத்துக்கு, விரல் நீளமாக நறுக்கிக் கழுவி, வடிதட்டில் கால் மணி நேரம் போட வேண்டும். பிறகு சுத்தமான துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒத்தி எடுக்க வேண்டும். சோம்பேறித்தனம் பார்த்து இந்த வேலையை விட்டுவிடும் வீட்டில்தான் தூள் கழன்று ஓடுகிறது.

காரணம் சுலபம். பொரிக்கிற எண்ணெய் 170 முதல் 180 டிகிரி சூட்டில் இருக்கும். தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகி விடும். மீனுக்கும் தூளுக்கும் நடுவில் ஈரம் தேங்கி நின்றால், அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லை என்றால் மேலே இருக்கும் போர்வையைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அம்புட்டுதான் சங்கதி.

துடைத்த மீனில் உப்பு, தூள் வகைகள், இஞ்சி பூண்டு விழுது தடவி 20 நிமிடம் வைக்கலாம். எலுமிச்சம்பழச் சாறை கடைசியில் பிழிந்தால் போதும். புளிப்பில் மணிக்கணக்கில் ஊறினால் மீன் சதை உதிர ஆரம்பித்து விடும். மசாலாவில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மிளகாய்த் தூளை பிரெட் தூளில் கலக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது எண்ணெய்யில் நேராகப் பட்டுக் கருகும். மீனில் தடவுவதுதான் சரி.

அடுத்து மூன்று தட்டு. முதல் தட்டில் மாவு, இரண்டாவதில் கொஞ்சம் உப்பு போட்டு அடித்த முட்டை, மூன்றாவதில் பிரெட் தூள். இந்த வரிசை மாறக்கூடாது. மிச்சம் இருக்கும் ஈரத்தை மாவு குடிக்கும். மாவு மேல் முட்டை ஒட்டும். முட்டை மேல் தூள் ஒட்டும். சூட்டில் முட்டை இறுகி கோந்து மாதிரி பிடித்துக்கொள்ளும். மாவைத் தவிர்த்து மீனை நேராக முட்டையில் முக்கினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். முட்டை சேர்க்காதவர்கள் மைதாவும் சோள மாவும் கலந்து தோசை மாவு பதத்தில் கரைத்து அதில் முக்கலாம்.

ஒரு கையால் ஈரத்தையும் மறு கையால் தூளையும் தொட வேண்டும். இல்லாவிட்டால் மீனை விட விரல்தான் நன்றாக 'பிங்கர்' ஆகியிருக்கும்!

தூளில் புரட்டிய துண்டுகளை லேசாக அமுக்கி, தட்டில் பரப்பி 15 நிமிடம் சும்மா விட வேண்டும். பிரிட்ஜ் இருந்தால் உள்ளே வைக்கலாம். போர்வை பிடித்துக்கொள்ள இந்த நேரம் தேவை.

எண்ணெய் காய்ந்ததா?

வீட்டில் வெப்பமானி எல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போட்டுப் பார்த்தால் போதும். அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இன்னும் காயவில்லை. உடனே மேலே வந்து சடசடத்து மெதுவாகச் சிவந்தால் சரியான பதம். போட்டதுமே கறுத்தால் சூடு ஜாஸ்தி.

காயாத எண்ணெய்யில் போட்டால் மீன் எண்ணெய்யைக் குடித்து நமத்துப் போகும். வாணலி கொள்கிற மட்டும் பத்துத் துண்டை ஒரேயடியாகப் போட்டாலும் இதே கதைதான். சூடு சட்டென்று இறங்கிவிடும். நாலு நாலாகப் போட்டு, மிதமான தீயில் ஒரு பக்கம் 2 நிமிடம், மறுபக்கம் 2 நிமிடம். போட்டவுடன் கரண்டியால் கிண்டக் கூடாது. ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தால் சதை வெள்ளையாக, இதழ் இதழாகப் பிரிய வேண்டும். எண்ணெய் சிக்கனம் பார்ப்பவர்கள் தோசைக்கல்லில் கொஞ்சம் தாராளமாக ஊற்றித் திருப்பிப் போட்டும் எடுக்கலாம். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

எடுத்ததை செய்தித்தாளில் கொட்டாதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ல் எச்சரித்தது, 2023-லும் மறுபடி சொன்னது. வடிதட்டில், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் வைக்க வேண்டும். சூடு ஆறக்கூடாது என்று மூடி போட்டு வைத்தால் ஆவி திரும்பி மேலேயே படிந்து, பட்ட பாடு எல்லாம் வீண்.

பொரித்த எண்ணெய் என்ன ஆகும்?

உதிர்ந்த தூளை அவ்வப்போது ஜல்லிக்கரண்டியால் அள்ளி விட்டால் எண்ணெய் கறுக்காது. ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. மூன்று முறைக்கு மேல் வேண்டாம் என்பதுதான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. எண்ணெய் கெட்டதை அளக்க கடைகளுக்கு 2018 ஜூலை 1 முதல் 25 சதவீதம் என்று ஒரு வரம்பும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அளக்கும் கருவி இல்லை. கண்ணும் மூக்கும்தான். கறுத்து, கொழகொழத்து, நுரை தள்ளி, சீக்கிரம் புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். தெருவோரக் கடையில் மீன் வாங்கும்போதும் சட்டியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

பொரிக்கும்போது எண்ணெய்யில் தீப்பிடித்தால் பதற்றத்தில் தண்ணீரை ஊற்றி விடாதீர்கள். தீ குபீரென்று கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டு போட்டு மூடினால் அடங்கிவிடும். அதனால் பக்கத்தில் ஒரு தட்டு எப்போதும் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் 'எனக்கு முதல்ல' என்று அடுப்பருகே முண்டியடிப்பார்கள், அவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

மீன் மிஞ்சினால் பொரிக்காமலேயே தூள் புரட்டிய நிலையில் பிரீசரில் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு டப்பாவில் போடலாம். அப்போதுதான் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. பொரிக்கும் நாளில் வெளியே எடுத்து ஈரம் விட வைக்காமல், உறைந்தபடியே மிதமான தீயில் போட்டு இரண்டு நிமிடம் கூடுதலாக வேக விட வேண்டும். கரண்ட் போய் ஒரு தடவை இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே பொரித்துத் தீர்த்துவிடுவது நல்லது.