தன்னுடைமையும் கொத்தடிமையும்

ஒருவருடைய உடலும் உழைப்பும் அவருக்கே உரியவை என்னும் கொள்கை ‘தன்னுடைமை’ எனப்படும். ஆங்கில மெய்யியல் அறிஞர் ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டில் இக்கருத்துக்கு அடித்தளமிட்டார். உழைப்பு ஒருவருக்கு உரியதாயின், அதனால் அவர் ஈட்டிய பொருளும் அவருக்கே உரியது என்றார். எனினும், பிறருக்கும் போதிய அளவு எஞ்சியிருக்க வேண்டும் என்னும் வரம்பையும் அவர் வகுத்தார்.

முன்பணமும் உரிமையும்

மானாவாரி நிலங்கள் மிகுந்த தருமபுரி மாவட்டத்தில் மழை பொய்த்தால் பலர் வேலை தேடி வெளியூர் செல்கின்றனர். அவ்வாறு செல்லும் நிலமற்ற குடும்பம் ஒன்று, செங்கற்சூளை உரிமையாளரிடம் முன்பணம் பெறுவதாகக் கொள்வோம். அதனை வாங்குமாறு எவரும் அடித்து வற்புறுத்தவில்லை. ஆனால், கூலியில் பிடித்தம் போகக் கடன் குறைவதில்லை. அது தீரும்வரை சூளையை விட்டு நீங்கவும் இயலாது. இவ்வொப்பந்தம் விருப்பத்தால் நிகழ்ந்ததா, வறுமையால் நிகழ்ந்ததா?

இரு மறுமொழிகள்

அமெரிக்க அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இல் வெளியிட்ட நூலில், விருப்பத்துடன் நிகழும் பரிமாற்றத்தால் விளையும் ஏற்றத்தாழ்வு அநீதியன்று என வாதிட்டார். உழைப்பின் வருவாய்மீது விதிக்கும் வரி, கட்டாய உழைப்புக்கு நிகரானது என்றும் கருதினார். ஜி. ஏ. கோஹன் என்னும் அறிஞர் இதனை மறுத்தார். நிலமும் கருவியும் பிறர் கையில் இருக்கும்போது, தன் உடலுக்கு மட்டும் உரியவரான ஒருவர் பிறர் இசைவின்றி வாழவே இயலாது. அவரது தன்னுடைமை பெயரளவினதே என்பது அவர்தம் வாதம்.

சட்டத்தின் நோக்கு

இந்திய அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976 கொத்தடிமைக் கடன்கள் அனைத்தையும் செல்லாதவையாக்கியது. அச்சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரைச் சார்ந்தது.

டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் ஈடுபட்ட தொழிலாளர் தொடர்பான வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று ஒருவர் உழைப்பது கட்டாய உழைப்பே என அது அறிவித்தது. உடல் வலிமையாலோ சட்டத்தாலோ மட்டுமன்றி, பசியாலும் வறுமையாலும் கட்டாயம் பிறக்கும் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். நோசிக் வரியில் கண்ட கட்டாயத்தை நீதிமன்றம் வறுமையில் கண்டது.

விடுதலைக்குப் பின்

கடன் நீங்கிய குடும்பம், மழையற்ற ஊருக்கு வெறுங்கையுடன் திரும்பினால் மீண்டும் முன்பணத்தையே நாட நேரும். எனவேதான் விடுவிக்கப்பட்டோருக்கு மறுவாழ்வு நிதியும் திட்டங்களும் வகுக்கப்பட்டுள்ளன. 2016ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் திட்டம், வயதுவந்த ஆண் ஒருவருக்கு 1 இலட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது. ஒப்பந்தத்துக்கு உடன்படுவதற்கு மட்டுமன்றி, அதனை மறுப்பதற்கும் ஒருவருக்கு வாழ்வாதாரம் வேண்டும். மறுக்கும் ஆற்றல் வாய்த்தவரே தம் உழைப்புக்கு உண்மையான உரிமையாளர் ஆவார்.