பல்செட்டின் பிடிப்பும் உமிழ்நீரின் அமிலத்தன்மையும்

பற்கள் முழுவதையும் இழந்தவர்களுக்குக் கீழ்த்தாடைப் பல்செட்தான் பெரும் தொல்லை. மேல்செட் அண்ணத்தில் படிந்து ஒட்டிக்கொள்ளும். கீழ்செட்டுக்கு அந்த வசதி இல்லை, நாக்கு அசைந்தாலே எழும்பிவிடும். இதற்காகத் தாடை எலும்பில் இரண்டு டைட்டானியம் இம்பிளாண்டுகளைப் பதித்து, அவற்றின் மேல் செட்டை மாட்டுகிறார்கள். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தனர்.

செட்டைப் பிடித்து வைப்பது பிரஸ் பட்டன் போன்ற ஓர் இணைப்பு. பரவலாகப் புழங்கும் லொகேட்டர் வகையில், இம்பிளாண்டின் தலையில் உலோகக் குமிழ் இருக்கும். செட்டின் அடியில் அதைக் கவ்வும் சிறு நைலான் வளையம் இருக்கும். நீல வளையத்தின் பிடிப்பு சுமார் 0.7 கிலோ, இளஞ்சிவப்பு 1.4 கிலோ, நிறமற்றது 2.3 கிலோ. தினம் மூன்று முறை கழற்றி மாட்டினால் ஆண்டுக்கு ஆயிரம் முறைக்கு மேல் நைலான் உரசும். பிடிப்பு தளர முதற்காரணம் இந்தத் தேய்மானமே.

அதற்குத் துணைபோவது அமிலம். உமிழ்நீரின் பிஎச் அளவு வழக்கமாக 6.2 முதல் 7.6 வரை இருக்கும். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது. சுரப்பு குறைந்தால் இந்தக் காப்பும் குறையும். நீரிழிவு, சில மருந்துகள், தலை-கழுத்துப் பகுதிக்குத் தரும் கதிர்வீச்சு ஆகியவை வாயை உலர்த்துகின்றன. எதுக்களிப்பால் வரும் இரைப்பை அமிலமும், அடிக்கடி குடிக்கும் கோலா பானங்களும் வாயின் பிஎச் அளவை மேலும் இறக்குகின்றன.

நைலான் நீரை உறிஞ்சி மெல்ல இளகக்கூடியது. அமிலம் அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகள் நீரால் அறுபடுவதை விரைவுபடுத்தும். டைட்டானியத்தை அதன் ஆக்சைடு படலம் காக்கிறது. ஆனால் அமிலமும் செறிவான ஃபுளோரைடும் சேர்ந்தால் அந்தப் படலம் அரிக்கப்பட்டு மேற்பரப்பு சொரசொரப்பாகும். நைலான் இன்னும் வேகமாகத் தேயும். வாயில் இந்த மாற்றங்கள் தேய்மானத்தோடு கலந்தே நடப்பதால், ஆய்வகங்களில் வளையங்களை வெவ்வேறு பிஎச் அளவுள்ள செயற்கை உமிழ்நீரில் ஊறவைத்து, இழுவிசையை அளந்து ஒப்பிடுகிறார்கள்.

தளர்ந்த வளையத்தைப் பல் மருத்துவர் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். இம்பிளாண்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி தளர்ந்தால், வளையத்தை மட்டும் மாற்றுவது போதாது. வாய் உலர்வுக்கும் எதுக்களிப்புக்கும் சிகிச்சை தேட வேண்டும். புளிப்பான பானம் குடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது நல்லது. நைலான் வளையமுள்ள செட்டை பிளீச்சிங் கரைசலில் ஊறவைக்கக் கூடாது. அதுவும் பிடிப்பைக் குறைக்கும்.