விரியும் சுவர், சுருங்கும் வீடு

கர்நாடகத்தின் ஹனூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் பாதை, வளைவுக்கு மேல் வளைவு. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே அறிவித்துவிட்ட நிலையில், காருக்குப் பின்னால் வீட்டை இழுத்துச் செல்லும் ஆசை பலருக்கும் வரலாம்.

சுவர் வெளியே நகரும் வகை கண்ணைப் பறிக்கும்: நிறுத்தியதும் மோட்டார் சுவரைத் தள்ள, சந்து கூடமாகிவிடும். ஆனால் இந்தியச் சாலையில் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. எனவே ஓடும்போது சுவர் உள்ளேதான்.

விற்பனை வரைபடங்கள் பெரும்பாலும் விரிந்த நிலையையே காட்டும். மூடிய நிலையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டிலுக்கு வழி உண்டா? கழிப்பறைக் கதவு திறக்குமா? மலைப்பாதையில் பாட்டிக்கு அவசரம் என்றால், சுவரை விரிக்க அங்கே இடமிருக்காது.