கழுத்து நாடி ஒப்பரேஷன்: கை சரியாகுமா?

"வாப்பாட கை பழையபடி வருமா அண்ணன்?"

காரைதீவு முச்சந்தித் தேத்தண்ணிக் கடையில் நிந்தவூர்த் தம்பி கேட்ட முதல் கேள்வி இது. போன கிழமை வாப்பாவுக்கு இலேசான பாரிசவாதம். ஸ்கானில் கழுத்து நாடி சுருங்கியிருக்கிறதாம், ஒப்பரேஷனுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

கை தேறுவது பயிற்சியாலும் நாட்பட நாட்படவும்தான் தம்பி. இந்த ஒப்பரேஷன் வந்துபோன வாதத்துக்கு இல்லை, இனி வரக்கூடியதைத் தடுக்கச் செய்வது. இது விளங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வெட்டியும் பலனில்லை" என்று பிறகு சலித்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய.

தொட்டால் துடிக்கிற அந்த நாடி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கும் கண்ணுக்கும் போகும், மற்றது முகத்துக்கு. பிரிகிற இடத்தில்தான் கொழுப்பும் சுண்ணாம்பும் படியும். அந்தப் படிவு வெடித்து, துணுக்குகள் கழன்று மேலே போனால் வாதம். சின்னத் துணுக்கென்றால் சில நிமிடம் ஒரு கண் மட்டும் இருளும், ஒரு கை மரத்துத் தெளியும், பேச்சுக் குழறித் திரும்பும். நம்மாட்கள் வெயிலென்றும் பித்தமென்றும் சொல்லிப் படுத்து எழும்புவது இதற்குத்தான்.

லண்டன் செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரியில் 66 வயதுப் பெண் ஒருவருக்கு இப்படி 33 தடவை வந்து போயிருந்தது. 1954 மே மாதம் அவருடைய உடம்பை ஐஸால் குளிர்வித்து, அடைத்த பகுதியை வெட்டி எடுத்து, நாடியின் முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். அதோடு அந்த வருத்தம் நின்றது. இன்றைய முறை வேறு. நாடியைக் கவ்வியால் பிடித்து நீளவாக்கில் கீறுவார்கள். அவித்த பனங்கிழங்கைப் பிளந்து நடுக்குருத்தை உருவுவோமே, அப்படி உள்ளே இருக்கிற மஞ்சள் படிவை உரித்தெடுத்து, பெரும்பாலும் ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்துவிடுவார்கள்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த பெரிய ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. அறிகுறி காட்டி, 70 வீதத்துக்கு மேல் சுருங்கியவர்களில் மருந்து மட்டும் எடுத்த 100 பேரில் 26 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கத்தால் வாதம் வந்தது. ஒப்பரேஷன் செய்தவர்களில் 9 பேருக்கு. பதினேழு பேர் தப்பினார்கள், நல்ல கணக்கு. ஆனால் மருந்தோடு இருந்த 74 பேருக்கு வெட்டாமலே ஒன்றும் வரவில்லை என்பதும் அதே கணக்குத்தான். சுருக்கம் 50க்கும் 69க்கும் இடையில் என்றால் பலன் குறைவு, 50க்குக் கீழே இல்லை. முழுதாக அடைபட்டுவிட்டால் பொதுவாகத் தொடமாட்டார்கள். அறிகுறியே இல்லாதவருக்கு, கொலஸ்ட்ரோல் குளிசைகள் நன்றாக வேலை செய்கிற இந்தக் காலத்தில், வெட்டத்தான் வேண்டுமா என்று நான் இரண்டு தரம் கேட்பேன்.

"அப்ப ஒப்பரேஷனால என்ன கெடுதி?"

கசப்பானது முதலில். தடுக்கப் போன வாதமே மேசையிலோ அடுத்த நாட்களிலோ வரலாம். அதே ஆய்வில் 100க்கு ஏறத்தாழ 6 பேருக்கு முதல் 30 நாளுக்குள் வாதமோ மரணமோ நேர்ந்தது. மேலே சொன்ன 9 பேரில் அந்தச் சேதமும் அடக்கம். மாரடைப்பும் வரலாம், கழுத்து நாடி கெட்டவருக்கு இதய நாடியும் பெரும்பாலும் சுத்தமாக இராது. கீறுகிற இடத்தில் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. இழுபட்டால் குரல் கம்மும், நீட்டிய நாக்கு ஒரு பக்கம் சாயும், கடைவாய் தொங்கும், காதுமடல் மரக்கும். பெரும்பாலும் சில மாதத்தில் தேறிவிடும். முதல் நாளில் தையலடியில் இரத்தம் கட்டிக் கழுத்து வீங்கினால் மூச்சுக்குழாய் நெரிபடும், தாதியைக் கத்திக் கூப்பிட வேண்டிய நேரம் அது. வீட்டுக்கு வந்தபின் வெட்டிய பக்கம் கடும் தலையிடி, ஏறின பிரஷர், வலிப்பு என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும். நெடுநாள் இரத்தம் குறைந்திருந்த மூளைக்குத் திடீரென்று கூடுதலாகப் பாய்வதால் வருவது அது.

ஸ்டென்ட் வைத்தால் என்ன என்றான். கத்தி இல்லை, மாரடைப்பும் குறைவு, ஆனால் வயது 70 தாண்டியவருக்கு வாத ஆபத்துக் கூடுதல்.

"நோன்புப் பெருநாள் முடியட்டும் எண்டு வாப்பா சொல்றார்."

காரைதீவில் கண்ணகை அம்மன் குளிர்த்தி முடியட்டும் என்பார்கள், கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் முடியட்டும் என்பார்கள். ஆனால் அறிகுறி வந்த முதல் இரண்டு கிழமைக்குள் செய்தால்தான் முழுப் பலன், அடுத்த வாதம் வருவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். இது இரத்தக்குழாய் நிபுணருடைய வேலை, கொழும்புப் பயணத்துக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆகவே கிளினிக் திகதிக்குக் காத்திராமல் கடிதத்தோடு நாளைக்கே போ. சுருக்கம் எத்தனை வீதம், அவர் கையால் செய்த 100 பேரில் எத்தனை பேருக்கு வாதம் வந்தது என்று கேள். 6க்கு மேல் என்றால் வேறிடம் விசாரி. ஒப்பரேஷன் என்றதும் அஸ்பிரினை நிறுத்துவார் வாப்பா, டொக்டர் சொல்லாமல் நிறுத்த விடாதே. பீடியை மட்டும் இன்றைக்கே பிடுங்கு.