எம்.எஸ்ஸி. நர்சிங்: எந்தப் பிரிவை எடுப்பது?

சித்தூர், புத்தூர், நகரி பக்கம் சொந்தபந்தம் உள்ள நம் சங்க அன்பர்கள் பலருக்கும் இந்த டெலிபோன் அனுபவம் இருக்கும். "மாமா, பி.எஸ்ஸி. நர்சிங் முடிச்சிட்டேன். எம்.எஸ்ஸி.யிலே எந்தப் பிரிவு எடுத்தா வெளிநாடு வர லேசா இருக்கும்?" என்று ஊரிலிருந்து ஒரு பெண் கேட்பாள். நாமும் காதில் விழுந்ததை வைத்து ஏதோ சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய இரண்டு ஆண்டும், அப்பா வாங்கப்போகும் கடனும் அடங்கியிருக்கின்றன.

இந்தியாவில் எம்.எஸ்ஸி. நர்சிங் இரண்டு ஆண்டுப் படிப்பு. மெடிக்கல்-சர்ஜிகல், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் எனப் பிரிவுகள் ஐந்து. முதல் பிரிவுக்குள் இதயம், சிறுநீரகம், நரம்பு, புற்றுநோய் போன்ற உட்பிரிவுகளும் உண்டு. சேருவதற்கு ஓராண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். இதைக் காத்திருப்பு என்று எண்ணக்கூடாது. பிரிவு முடிவாவதே இந்த ஆண்டில்தான்.

அதற்கு நம் பக்கம் வசதி அதிகம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1993-இல் தொடங்கிய ஸ்விம்ஸில் இதயம், சிறுநீரகம், நரம்பு எல்லாம் பார்க்கலாம். பிரசவத்துக்கு அரசு மகப்பேறு மருத்துவமனை, எலும்புக்கு பர்ட், 2021 முதல் பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. கூப்பிடு தூரம், இந்தியாவில் முதன்முதலாக நர்சிங்கில் பட்டப்படிப்பைக் கொண்டுவந்த கல்லூரிகளுள் அதுவும் ஒன்று, ஆண்டு 1946. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் எந்த வார்டு நோயாளி நினைவில் நிற்கிறாரோ, அந்த வார்டைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மெடிக்கல்-சர்ஜிகல்தான் உசத்தி என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் பெரும்பாலும் போவது ஆசிரியர் வேலைக்கு. நர்சிங் கல்லூரிக்கு ஐந்து பாடத்துக்கும் ஆசிரியர் வேண்டும். மனநலத்திலும் சமுதாய நலத்திலும் நம் எல்லைப்புறப் பெண்ணுக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. பாட்டி தமிழில் அழுவாள், மருமகள் தெலுங்கில் விவரம் சொல்வாள். இரண்டும் புரிந்தவளுக்கே நோயின் கதை முழுதாகக் கிடைக்கும்.

படுக்கையருகே நின்று நோயாளியைப் பார்ப்பதுதான் பிடிக்கும் என்பவருக்கு, இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு உண்டு. அதுவும் இரண்டு ஆண்டுதான். பெரும்பகுதி வார்டிலேயே கழியும். அந்தப் பெயரில் பணியிடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுச் சேர்வது நல்லது.

இனி வெளிநாடு. அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவுபெற என்கிளெக்ஸ் தேர்வு, இங்கிலாந்தில் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும், கூடவே ஆங்கிலத் தேர்ச்சி. இவற்றுக்கு பி.எஸ்ஸி. போதும். வேலை கொடுப்பவர் கேட்பது வார்டு அனுபவம். நம் எம்.எஸ்ஸி.யை மட்டும் வைத்து அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட முடியாது. அங்கே மறுபடி படிக்க வேண்டும். படித்து முடித்து வகுப்பறையிலேயே சில ஆண்டு இருந்துவிட்டால் வார்டு அனுபவம் பழையதாகிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே அடுத்த முறை போன் வந்தால், "பாடம் சொல்லித்தர ஆசையா, நோயாளி பக்கத்திலே இருக்க ஆசையா, வெளிநாடு வர ஆசையா?" என்று முதலில் கேளுங்கள். வெளிநாடு என்றால் கடன் வாங்கும் முன் தேர்வுக்குத் தயாராகட்டும். பாடம் சொல்லித்தர என்றால், தான் விரும்பும் பிரிவுக்கு அந்தக் கல்லூரியில் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும்.