வசந்த வெள்ளமும் வுலர் ஏரி மீன்பிடிப்பும்

காஷ்மீரப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 1,580 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது வுலர் ஏரி. ஜீலம் நதி இதனுள் பாய்ந்து, சோப்பூர்ப் பக்கமாக வெளியேறுகின்றது. பருவத்திற்கேற்ப இதன் பரப்பு 30 சதுர கிலோமீட்டர் முதல் 189 சதுர கிலோமீட்டர் வரை மாறுபடுவதாகக் கணக்கிட்டுள்ளனர்.

இம்மாறுதலுக்குக் காரணம் யாது? மார்ச் மாதம் முதல் மலைச்சரிவுகளில் உறைபனி உருகத் தொடங்குகின்றது. வெயில் ஏற ஏற உருகுதலும் மிகும். அதன்மீது மழையும் பெய்யுமாயின் வெள்ளம் விரைந்து பெருகும். நீர் வரும் வழிகள் பல. வெளியேறும் வழியோ ஒன்றே. ஆதலின், மழை நின்று வானம் தெளிந்த பின்னரும் ஏரி உயர்ந்துகொண்டிருத்தல் கூடும்.

நீர் பரவுங்கால் மீன்களும் கரையோரத் தாழ்நிலங்களில் சிதறிவிடுகின்றன. ஸ்கைசோதொராக்ஸ் இனத்து மீன்கள் முட்டையிடும்பொருட்டு ஓடைகளை எதிர்த்து மேலேறுகின்றன. முன்னாள் வலை நிறைந்த இடத்தில் மறுநாள் வெறும் கலங்கல் நீரே கிட்டலாம். மேலும், பிற்பகற் காற்றினால் எழும் பேரலைகள் இவ்வேரியில் பெயர்பெற்றவை. நீர் விரிந்துள்ள நாட்களில் படகு கரை சேரவேண்டிய தொலைவும் அதிகம்.

எனவே, மீன்பிடிக்கச் செல்வோர் தலைக்குமேலுள்ள வானத்தை மட்டும் நோக்குதல் போதாது. நதியின் மேற்பகுதியில் சங்கம் என்னும் ஊரிலும், ஸ்ரீநகரில் ராம் முன்ஷி பாக்கிலும் எடுக்கப்பெறும் நீர்மட்ட அளவுகளை முதலில் அறிதல் வேண்டும். அங்கு உயரும் நீரே பின்னர் ஏரியை வந்தடைகின்றது. அளவு ஏறுமுகமாயின் பயணத்தை ஒத்திவைத்தலும், இறங்குமுகமாயின் காலையிலேயே சென்று நண்பகலுக்குள் திரும்புதலும் அறிவுடைமையாகும்.